தண்ணீருக்கு வழிவிடும் படகு

மயிலாப்பூர் மாடவீதியிலிருந்து கிழக்கே நடந்தால் அரைமணி நேரத்துக்குள் கடல் வந்துவிடும். நொச்சிக்குப்பம், முள்ளிக்குப்பம், டுமிங் குப்பம், சீனிவாசபுரம் என்று கரையோரம் முழுக்க மீனவர் ஊர்கள். அடையாறு கடலில் கலக்கும் இடத்தைத் தாண்டினால் ஊரூர்க் குப்பமும் ஆல்காட் குப்பமும் வரும். இந்த ஊர்களில் எதற்கும் துறைமுகம் கிடையாது. படகை ஒதுக்கி நிறுத்த ஒரு வளைகுடாவும் கிடையாது. மணல் முடிந்த இடத்தில் அலை உடைகிறது. அதற்கு அப்பால் திறந்த வங்காள விரிகுடாதான்.

இங்கிருந்து மீன் பிடிக்கப் போகிறவர், போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் அந்த உடையும் அலையைக் கடந்தே ஆகவேண்டும். மோட்டார் வருவதற்கு முன்னால் பல நூறு ஆண்டுகள் அதைக் கடந்தார்கள். நாலைந்து மரக்கட்டைகளும் கொஞ்சம் கயிறும்தான் அவர்கள் கருவி. அந்தக் கட்டுமரத்துக்குள் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்று இன்றைக்குப் பார்ப்போம்.

முதலில் அலையைப் புரிந்துகொள்ளுங்கள். நடுக்கடலில் அலை வரும்போது தண்ணீர் ஓடி வருவதில்லை. அங்கே ஒரு தேங்காயைப் போட்டால், அலை வரும்போது மேலே ஏறும், போனதும் கீழே இறங்கும். ஏறத்தாழ இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அலை சுமந்து வருவது ஆற்றலை. தண்ணீர்த் துளிகள் வட்டமடித்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்புகின்றன. அதனால்தான் ஆழ்கடலில் சிறிய படகுகூட அலைமேல் ஏறி இறங்கிச் சும்மா போய்விடுகிறது.

கரை நெருங்க நெருங்கக் கதை மாறுகிறது. ஆழம் குறைந்ததும், அலையின் அடிப்பகுதி கடல்தரையை உணரத் தொடங்குகிறது. வேகம் குறைகிறது. பின்னால் வரும் அலை முன்னால் போவதை நெருக்குகிறது, உயரம் கூடுகிறது. தண்ணீரின் ஆழம், அலை உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் அலையால் நிற்க முடிவதில்லை. உச்சி முன்னால் சாய்ந்து உடைந்து விழுகிறது. ஒரு மீட்டர் உயர அலை உடைகிறது என்றால் அந்த இடத்தில் ஆழம் ஏறத்தாழ 1.3 மீட்டர்தான் என்று கரையில் நின்றபடியே சொல்லிவிடலாம். கடலுக்கு அளவுகோல் கொண்டுபோக வேண்டாம்!

உடையும் அலையில் தண்ணீர் நிஜமாகவே ஓடி வருகிறது. ஒரு கனமீட்டர் கடல்நீரின் எடை 1,025 கிலோ. ஒரு சின்ன காரின் எடை அது. அந்த எடை மேலேயிருந்து படகின்மீது விழுந்தால் என்ன ஆகும்?

சாதாரணப் படகு மிதப்பது அதற்குள் இருக்கும் காலி இடத்தால். இரும்புக் கப்பலும் அப்படித்தான். இரும்பு தண்ணீரைவிட ஏழெட்டு மடங்கு கனமானது. ஆனால் கப்பலின் உட்புறம் பெரும்பாலும் காற்று. கப்பலையும் காற்றையும் சேர்த்துப் பார்த்தால் தண்ணீரைவிட இலேசு. அந்தக் காலி இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் கணக்குத் தலைகீழாகிவிடும். படகில் அலை ஒருமுறை விழுந்தால் பாதி நிறையும். அடுத்த அலைக்குள் இறைத்துக் கொட்ட நேரம் இருக்காது.

நம் கரையில் இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்கள், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் முயற்சியையே விட்டுவிட்டார்கள். உள்ளே என்று ஒன்று இருந்தால்தானே நிறையும்? கட்டுமரத்துக்கு உட்புறமே கிடையாது. அலை அதன்மேல் விழுகிறது. விரலிடுக்கில் வழிவதுபோல் கட்டைகளின் இடுக்கில் தண்ணீர் வழிந்து கீழே போய்விடுகிறது. மேலே இருப்பவர் நனைவார், அவ்வளவுதான். படகு மூழ்காது. கவிழ்ந்தாலும் அது மிதந்துகொண்டேதான் இருக்கும். பிடித்து ஏறிக்கொள்ளலாம்.

இதைச் செய்ய எல்லா மரமும் ஆகாது. தேக்கு வலுவானதுதான், ஆனால் கனம். கட்டுமரத்துக்கு மலைவேம்பு, அல்பீசியா போன்ற இலேசான மரங்களைத் தேடினார்கள். பல கட்டைகள் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்து வந்தன. கட்டைகளை அப்படியே அடுக்கிக் கட்டிவிடுவதும் இல்லை. ஒவ்வொன்றையும் செதுக்கி வடிவம் கொடுப்பார்கள். நடுக்கட்டை சற்றுத் தாழ்ந்திருக்கும், பக்கக் கட்டைகள் கொஞ்சம் உயர்ந்திருக்கும். முன்பக்கத்துக்கு அணியம் என்று பெயர். அது ஒடுங்கி மேல்நோக்கி வளைந்திருக்கும். அலை எதிரே வரும்போது அணியம் அதன்மேல் ஏறவேண்டும் அல்லவா? எந்தக் கட்டை எந்த இடத்துக்கு என்பதும் முடிவானது. வலதுபக்கக் கட்டையை இடதில் வைத்தால் சேராது.

ஆணி கிடையாது. முன்னால் ஓரிடம், பின்னால் ஓரிடம் என்று கயிற்றால் இறுக்கிக் கட்டுவதோடு சரி. உப்புத் தண்ணீரில் இரும்பாணி துருப்பிடிக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. அலை ஒரு பக்கம் தூக்கி மறுபக்கம் தாழ்த்தும்போது, கயிற்றுக்கட்டு இருந்தால் கட்டைகள் ஒன்றோடொன்று கொஞ்சம் அசைந்துகொடுக்கும். அடியின் வேகம் அந்த அசைவில் செலவாகிவிடும். ஆணி அடித்து விறைப்பாக்கிவிட்டால் முழு அடியும் ஆணி இருக்கும் இடத்தில்தான் விழும். மரம் அங்கேதான் பிளக்கும்.

இப்போது நோட்டை எடுங்கள், ஒரு கணக்குப் போடலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். ஆறு மீட்டர் நீளம், கால் மீட்டர் அகலம், கால் மீட்டர் உயரமுள்ள ஒரு கட்டை. கன அளவு 6 × 0.25 × 0.25 = 0.375 கனமீட்டர். இலேசான காய்ந்த மரத்தின் எடையைக் கனமீட்டருக்கு 400 கிலோ என்று வைத்துக்கொண்டால் கட்டையின் எடை 150 கிலோ. இதை முழுக்கக் கடலுக்குள் அமுக்கினால் அது விலக்கும் தண்ணீரின் எடை 0.375 × 1,025 = 384 கிலோ. ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி, விலக்கிய தண்ணீரின் எடை எவ்வளவோ அவ்வளவு விசை கட்டையை மேலே தள்ளும். 384இல் 150 போனால் மீதி 234. அதாவது ஒரே ஒரு கட்டை, தன் எடைபோக இன்னும் 234 கிலோவைத் தாங்கும். நான்கு கட்டைகள் என்றால் சுமார் 936 கிலோ. இரண்டு ஆள், வலை, மீன் எல்லாம் சேர்ந்தாலும் இதில் பாதிகூட வராது.

ஆனால் மரம் தண்ணீர் குடிக்கும். மரம் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களின் கட்டு. உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறிய பாதைகள் அவை. நாள் முழுக்கக் கடலில் கிடந்தால் அந்தக் குழாய்களில் மறுபடி தண்ணீர் ஏறும். நம் கட்டை கனமீட்டருக்கு 600 கிலோ என்ற அளவுக்கு ஊறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அதன் எடை 225 கிலோ. தாங்கும் சுமை 159 கிலோவாகக் குறைந்துவிடும். நான்கு கட்டைகளும் சேர்ந்து 300 கிலோ தண்ணீரைச் சும்மா சுமந்துகொண்டு திரியும். அதனால்தான் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக மணலில் பரப்பி வெயிலில் காயவைத்தார்கள். பழைய சென்னைப் புகைப்படங்களில் மணலில் கிடக்கும் கட்டைகளைப் பார்த்து உடைந்த படகு என்று நினைத்துவிடாதீர்கள். அவை காய்ந்துகொண்டிருக்கின்றன. மறுநாள் விடியற்காலையில் மறுபடி கட்டினால் அது படகு. ஆறு மீட்டர் படகை இரண்டு பேர் மணலில் இழுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு கட்டையாகத் தோளில் வைத்துத் தூக்கிப் போய்விடலாம். துறைமுகம் இல்லாத ஊருக்கு இதைவிடப் பொருத்தமான படகு எனக்குத் தெரிந்து இல்லை.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். வாழைமரத்தின் தண்டில் சாண் நீளத்துக்கு நான்கு துண்டுகள், கொஞ்சம் சணல், ஒரு சில்வர் கிண்ணம், பெரிய டப்பில் தண்ணீர். துண்டுகளை இரண்டு இடத்தில் சணலால் கட்டித் தண்ணீரில் விடுங்கள். பக்கத்தில் கிண்ணத்தையும் மிதக்கவிடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு கூழாங்கற்களை ஏற்றுங்கள். இப்போது ஒரு சொம்புத் தண்ணீரை மேலேயிருந்து இரண்டின்மீதும் ஊற்றுங்கள். கிண்ணம் என்ன ஆகிறது, வாழைத்தண்டு என்ன ஆகிறது என்று பாருங்கள். பிறகு வாழைத்தண்டை எடை போட்டு, ஓர் இரவு தண்ணீரில் அமிழ்த்தி வைத்துவிட்டு, காலையில் மறுபடி எடை போடுங்கள். சோதனையை டப்பில் மட்டும்தான் செய்யவேண்டும். உடையும் அலை இருக்கும் இடத்தில் பெரியவர்களும் இழுத்துச் செல்லப்படுகிறார்கள். கடலில் வேண்டவே வேண்டாம்.

தை மாதத்தில் கபாலீஸ்வரர் கோயில் குளத்தில் தெப்பம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் மிதவைதான். காலி டிரம்களின்மேல் பலகை பரப்பிக் கட்டுகிறார்கள். குளத்தில் அலை இல்லை, அதனால் அது போதும். அதே தெப்பத்தைப் பட்டினப்பாக்கம் கடற்கரைக்குக் கொண்டுபோனால் முதல் அலையே பிரித்துப் போட்டுவிடும்.

கட்டுமரம் சிறிய சுமைக்கு. பெரிய சுமைக்கு நம் கரையில் மசூலா என்று இன்னொரு படகு இருந்தது. சென்னைத் துறைமுகம் வருவதற்கு முன்பு, கப்பல்கள் கடலில் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டை, பெட்டி, மனிதர் எல்லாரையும் கரைக்குக் கொண்டுவந்தது மசூலாதான். அதற்கு உட்புறம் உண்டு, ஆனால் அதன் பலகைகளும் ஆணியில்லாமல் தேங்காய்நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. உள்ளே விறைப்பான விலாச்சட்டமும் கிடையாது. மணலில் மோதும்போது பலகைகள் நெளிந்துகொடுக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல்களின் படகுகள் இந்த அலையில் உடைந்தன. தைத்த படகு தாங்கியது. மசூலா போகும்போது கூடவே கட்டுமரக்காரர்களும் போவார்கள். யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்குவதற்கு. கப்பலுக்கும் கரைக்கும் இடையில் கடிதம் கொண்டுபோனதும் அவர்கள்தான். ஓலையில் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் நனைந்தாலும் கடிதம் நனையாமல் சேர்ப்பார்கள். புயல் நாளில் மசூலா இறங்கத் தயங்கும் கடலிலும் கட்டுமரம் இறங்கியது.

துறைமுக வேலை 1875இல் தொடங்கியது. 1881 நவம்பரில் வந்த புயல் கட்டியதில் பெரும்பகுதியை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். அப்போது ஒரு விஷயம் தெளிவாகியது. நம் கரையில் கடல்நீர் சும்மா நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும். ஊரூர்க் குப்பத்து மீனவர்கள் அதைத் தெண்டி என்கிறார்கள். வடகிழக்குப் பருவத்தில் வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. தெண்டி காலம் நீளமானது, அதனால் ஆண்டுக் கணக்கில் மணல் வடக்கு நோக்கித்தான் நகர்கிறது. அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே துறைமுகச் சுவர் வந்ததும், தெற்கே மணல் தேங்கியது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வந்து சேரவில்லை, கடல் கரையை அரித்தது. கட்டுமரம் ஏறி இறங்கும் மணலைக் கடல் எங்கிருந்தோ கொண்டுவருகிறது என்பது மீனவருக்கு அன்றாட அறிவு. பொறியாளர்கள் அதைச் சுவர் கட்டிய பிறகு பாடமாகப் படித்தார்கள்.

காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். மண் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். கடல் இரண்டுக்கும் நேரம் எடுத்துக்கொள்ளும். இரவில் நிலம் ஆறிவிடுவதால் விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். பகலில் நிலம் சுட்டதும் கடற்காற்று உள்ளே வரும். விடியும் முன் நிலக்காற்றில் பாயை விரித்துப் புறப்படுவது, பிற்பகலில் கடற்காற்றில் திரும்புவது என்று மீனவர் நாளை வகுத்தார்கள். போக வர எரிபொருள் செலவே இல்லை. காற்று பக்கவாட்டில் வந்தால் படகு நகர்வதோடு ஒரு பக்கமாக ஒதுங்கவும் செய்யும். அதைத் தடுக்கக் கட்டைகளுக்கு நடுவே ஒரு பலகையைச் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். பலகையின் அகன்ற முகம் பக்கவாட்டு நகர்வை எதிர்க்கும், மெல்லிய விளிம்பு முன்னோக்கிய நகர்வுக்கு இடம்விடும். கரைக்கு வரும்போது பலகையை மேலே உருவிக்கொள்ளலாம். கட்டைகளுக்கு இடையே இடுக்கு இருப்பதில் இது இன்னொரு வசதி.

சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல் என்ற ஆங்கிலேயர், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் நீண்ட ஆய்வு ஒன்றை வெளியிட்டார். நம் கட்டுமரம் அதில் விரிவாக வருகிறது. ஆனால் கட்டைகளைக் கட்டிக் கடலில் போவது எவ்வளவு தூரம் சாத்தியம் என்று உலகமே வியந்து பார்த்தது 1947இல்தான். நார்வேயைச் சேர்ந்த தோர் ஹெயர்தாலும் ஐந்து தோழர்களும் ஒன்பது பால்சா மரக்கட்டைகளைக் கயிற்றால் கட்டி, அதற்குக் கோன்-டிக்கி என்று பெயர் வைத்து, ஏப்ரல் 28 அன்று தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலிருந்து பசிபிக் கடலில் புறப்பட்டார்கள். மரம் ஊறி மூழ்கிவிடும், கயிறு தேய்ந்து அறுந்துவிடும் என்று பலர் எச்சரித்தார்கள். இரண்டும் நடக்கவில்லை. பச்சை மரமாக வெட்டியதால் உள்ளே இருந்த சாறு தண்ணீரை வேகமாக ஏறவிடவில்லை. மென்மையான பால்சாவில் கயிறு பதிந்து பள்ளம் செய்துகொண்டதால் அது தேயாமல் பாதுகாப்பாகவே இருந்தது. 101 நாள், ஏறத்தாழ 6,900 கிலோமீட்டர் தாண்டி, ஆகஸ்ட் 7 அன்று ராரோயா என்ற பவழத்தீவின் பாறைத்திட்டில் மோதினார்கள்.

அங்கே அவர்களுக்குக் காத்திருந்தது என்ன தெரியுமா? நாம் தொடக்கத்தில் பார்த்த அதே உடையும் அலை. மேலே கட்டியிருந்த குடிசை நசுங்கியது, பாய்மரம் முறிந்தது. கட்டைகள் மட்டும் ஒன்றாகவே இருந்தன. அடுத்தடுத்து வந்த அலைகள் அவற்றைப் பாறைத்திட்டின்மேல் தள்ளின. ஆறு பேரும் உயிரோடு கரையேறினார்கள். சில நாள் கழித்து, உள்கடலின் மறுகரையில் வாழ்ந்த தீவு மக்கள் தங்கள் படகில் வந்து அவர்களைத் தங்கள் ஊருக்கு அழைத்துப்போய் விருந்து வைத்தார்கள். பசிபிக் தீவு மக்களின் முன்னோர் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்பது ஹெயர்தாலின் கருத்து. அதை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. மொழியும் மரபணுவும் அவர்கள் ஆசியப் பக்கத்திலிருந்து படகோட்டிப் போனவர்கள் என்று காட்டுகின்றன. கருத்து தவறானாலும் கட்டிய கட்டைகள் கடலைத் தாங்கும் என்பது நிரூபணமானது. நம் குப்பத்தில் அதைக் கேள்விப்பட்ட யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

கடலில் தெருப்பலகை கிடையாது. நேற்று நிறைய மீன் கிடைத்த இடத்துக்கு இன்றைக்கு எப்படித் திரும்பிப் போவது? கரையைத் திரும்பிப் பார்த்துத்தான். கரையில் ஒரு கோபுரமும் அதற்குப் பின்னால் இன்னோர் உயரமான பொருளும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால், நீங்கள் அந்தக் கோட்டின்மீது எங்கோ இருக்கிறீர்கள். வேறொரு திசையில் இன்னொரு ஜோடி நேர்க்கோட்டில் வந்தால் இரண்டாவது கோடு கிடைக்கிறது. இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளி ஒன்றே ஒன்றுதான். அங்கே வலை போடுங்கள். உங்கள் வடிவியல் பாடம்தான் இது.

கோபுரம் எவ்வளவு தூரம் தெரியும் என்பதற்கும் கணக்கு உண்டு. பூமி உருண்டை, அதனால் தூரம் போகப்போகப் பொருளின் அடிப்பகுதி மறைந்துகொண்டே வரும். உயரத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். சாந்தோம் தேவாலயத்தின் கோபுரம் 155 அடி, அதாவது சுமார் 47 மீட்டர். அதற்கு 24.5 கிலோமீட்டர். கட்டுமரத்தில் உட்கார்ந்திருப்பவரின் கண் தண்ணீரிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் அதற்கு 3.6. இரண்டையும் கூட்டினால் 28 கிலோமீட்டர். வானம் தெளிவாக இருந்தால் அவ்வளவு தூரம் போகும்வரை கோபுரத்தின் உச்சி கண்ணில் பட வாய்ப்பு உண்டு. புகைமூட்டம் இருந்தால் இதில் பாதிகூடத் தெரியாது.

இன்றைக்கு நொச்சிக்குப்பத்துக்கோ ஊரூர்க் குப்பத்துக்கோ போனால் மணலில் நிற்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையிலிருந்துதான் இயங்கியது. மணலில் ஏற்றி இறக்கும் புதிய படகுகளை அது பல ஆண்டுகள் சோதித்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஏராளமான கட்டுமரங்கள் போயின. நிவாரணமாக வந்தவை ஃபைபர் படகுகள். மீனவர்கள் அவற்றை ஏற்றுக்கொண்டதில் தவறே இல்லை. மோட்டார் இருந்தால் தூரம் போகலாம், வலையும் ஐஸும் ஏற்றலாம், தோள் வலிக்காது. ஆனால் டீசல் விலை ஏறினால் அன்றைய பிடிப்பு அதற்கே போய்விடும். உடைந்த ஃபைபரை அவிழ்த்துக் காயவைக்கவும் முடியாது, அது மக்கவும் மக்காது. மரக் கட்டுமரம் செதுக்கத் தெரிந்த கைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. எந்த மரத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதை அவர்கள் இருக்கும்போதே யாராவது கேட்டு எழுதிவைக்கவேண்டும். அதை உங்களில் ஒருவர் செய்தால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

கட்டுமரத்தின் வடிவத்திலேயே ஃபைபர் ஓடு செய்து, உள்ளே நுரைப்பொருளை அடைத்த படகுகளும் வந்திருக்கின்றன. அவற்றை வைத்து உங்களுக்கு ஒரு கேள்வி. மொத்தக் கன அளவு 1.5 கனமீட்டர், எடை 400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு சுமை தாங்கும்? பாறையில் மோதி அடியில் ஓட்டை விழுந்தால், உள்ளே காற்று மட்டும் இருக்கும் ஃபைபர் படகு என்ன ஆகும், நுரை அடைத்தது என்ன ஆகும்? காரணத்தோடு எழுதி அனுப்புங்கள்.